காப்பி டிஸ்க் மெதுவாக ஓடினால் கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பச்சி சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரிஜினல் டிஸ்க்குகளில் கீறல் விழுந்துகொண்டே வந்ததால், காரைக்குடியில் ஒரு கடையில் 4,500 ரூபாய் கொடுத்து, காப்பி டிஸ்க்கும் ஓடும்படி சிப் வைத்து, எல்லா கேமுக்கும் பேக்கப் டிவிடி எழுதி வாங்கினேன். "ஒரிஜினல் மாதிரியே ஓடும்" என்றார் கடைக்காரர். ஆனால் லோடிங் ரொம்ப நேரம் எடுக்கிறது, வீடியோ வரும் இடங்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. கேட்டால், "எழுதிய டிஸ்க்குக்கு 3எக்ஸ் வேகம்தான், வேண்டுமானால் 200 கேம் போட்ட ஹார்ட் டிஸ்க் தருகிறேன்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? வழக்குப் போட்டால் நானே மாட்டிக்கொள்வேனா? நாலைந்து ஒரிஜினல்களைத் தேவகோட்டை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்விக வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். விருந்தினர் பிள்ளைகளுக்காக இந்த வீயை அங்கே வைக்கவும் யோசனை.
— காரைக்குடி வாசகர்

பதில்: மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பணம் திரும்புமா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

பதிப்புரிமைச் சட்டம், 1957, கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. கேமும் அதில் அடங்கும். சட்டப்படி கையில் ஒரு பிரதி வைத்திருப்பவர், அது தொலைந்தோ உடைந்தோ போனால் உதவட்டும் என்று பேக்கப் எடுத்துக்கொள்வதை 52(1)(aa) பிரிவு அனுமதிக்கிறது. சொந்தமாக, முறையாக வாங்கிய பிரதியிலிருந்து வியாபார நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுப்பதை 52(1)(ad) அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் அலமாரியில் ஒரிஜினல் இருக்கும் கேம்களுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. கீறல் விழுந்து ஓடாமல் போன டிஸ்க்கையும் தூக்கி எறியாதீர்கள். நாளை யாராவது கேட்டால் அதுதான் உங்கள் ஆதாரம்.

தேவகோட்டைக்குப் போன டிஸ்க்குகள் விஷயம் வேறு. கொடுத்த அன்றைக்கே அவற்றின் உரிமை அத்தை மகனுக்குப் போய்விட்டது. "சட்டப்படி வைத்திருப்பவர்" இப்போது அவர். ஒரிஜினல் அவரிடமும் காப்பி உங்களிடமும் இருந்தால் ஒரே கேமை இரண்டு வீடுகள் விளையாடுகின்றன, விலை கொடுத்தது ஒரு முறைதான். உறவுக்குள் நடந்தது என்பதற்காகச் சட்டம் விலக்கு எதுவும் தரவில்லை. அவரிடம் பேசி டிஸ்க்குகளைத் திரும்ப வாங்குங்கள். தர மனமில்லை என்றால் அந்தக் காப்பிகளை உடைத்துவிடுங்கள். வழக்குக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் சிப். 2012 திருத்தத்தில் வந்த 65A பிரிவு, காப்பி டிஸ்க் ஓடாமல் தடுப்பது போன்ற டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. ஆனால் "உரிமையை மீறும் எண்ணத்துடன்" என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் (டிஎம்சிஏ) இதைவிடக் கடுமையானது. அதைப் படித்துவிட்டு இங்கே பதற வேண்டாம். இங்கே சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமாகாது. ஆனால் அப்படித் திறக்க உதவி செய்கிறவர், யாருக்கு, எதற்காகச் செய்தார் என்று பெயர், முகவரியோடு பதிவு வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. உங்கள் கடைக்காரர் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சிப் வைக்கும் கடைக்காரர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விதி இது.

இனி வேகம். 1எக்ஸ் என்றால் டிவிடியிலிருந்து நொடிக்குச் சுமார் 1.4 மெகாபைட். வீயின் டிரைவ் ஒரிஜினல் டிஸ்க்கை 6எக்ஸ் வரை படிக்கும். 3எக்ஸ் என்றால் அதில் பாதி, நொடிக்கு 4 மெகாபைட் சொச்சம். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கிலிருந்து வீடியோவை இழுக்கும் கேம்கள் அங்கேதான் திக்கும். வீட்டில் எழுதும் டிஸ்க்கில் தகவல் சாயப் பூச்சில் பதிகிறது. ஆலையில் அச்சான டிஸ்க்கின் குழிகளைப் போல அது தெளிவாக லேசருக்குத் தெரிவதில்லை. பிழையில்லாமல் படிக்கட்டும் என்றுதான் வேகத்தைக் குறைத்து வைக்கிறார்கள். சில சிப்களில் 6எக்ஸுக்கு மாற்றும் வசதி உண்டு, மலிவான டிஸ்க் போட்டால் பாதியிலேயே நின்றும் போகலாம்.

ஆகவே வேகம் குறைந்தது கடைக்காரரின் கைவேலையில் வந்த பிழை என்று நிரூபிப்பது கடினம். நீங்கள் பிடிக்க வேண்டியது அவர் கொடுத்த வாக்கை. இந்த வரம்பு தெரிந்தும் "ஒரிஜினல் மாதிரியே ஓடும்" என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி அது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 4,500 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

ஒரிஜினலே இல்லாத கேம்களைக் காப்பி போடக் கொடுத்த பணம் என்றால் கதை மாறிவிடும். சட்டவிரோதக் காரியத்துக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. தேவகோட்டை டிஸ்க்குகளை முதலில் தீர்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஹோம்ஸ்டே யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். பேக்கப்புக்குக் கிடைக்கும் விலக்கு சொந்த உபயோகத்துக்குத்தான். அறை வாடகை வாங்கும் வீட்டின் வளவில் விருந்தினருக்காகக் காப்பி டிஸ்க்கை ஓடவிட்டால் அது ஆதாயத்துக்காகச் செய்ததாகிவிடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தொழிலுக்குப் பயன்படுத்தினீர்கள் என்று தெரிந்தால், நீங்கள் "நுகர்வோர்" இல்லை என்று கடைக்காரரும் மறுதலிப்பார்.

அந்த 200 கேம் ஹார்ட் டிஸ்க்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் உங்களுக்குச் சொந்தமான ஒரிஜினல்கள் எத்தனை இருக்கும்? திருட்டுக் காப்பி என்று தெரிந்தே பயன்படுத்துவதற்குத் தனியாக 63B என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டில் விளையாடத்தான் வாங்கினேன் என்றாலும் 50,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். நஷ்டத்துக்கு ஈடாக அதை வாங்கிக்கொண்டால், நோட்டீஸ் அனுப்பும் உரிமையும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.