பழைய ஜாஸ் பதிவுகளில் எல்லாரும் பக்கத்திலேயே இருப்பது போலக் கேட்கிறதே, எப்படி?

ஹட்டனில் தப்பு மேளக் குழு வைத்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார். உண்மையிலேயே எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள் தம்பி. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் 1950களில் நியூ ஜெர்சியில், தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பல ஜாஸ் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். டிரம்ஸ் சத்தம் பியானோ மைக்கிலும் கசியும். அந்தக் கசிவில்தான் அறையே கேட்கிறது, எனக்கு அதுதான் உயிர். ஒருவர் பிசகினால் அவரை மட்டும் திருத்துவது கஷ்டம். பெரும்பாலும் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் தோட்டத்து மண்டபத்திலும் இப்படிச் செய்யலாம். தப்பு மேளத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் மைக் வைத்தால், அடுத்த மைக் அந்த மைக்கிலிருந்து மூன்று அடியாவது தள்ளி நிற்கட்டும். அப்புறம், மழை இல்லாத நேரமாகப் பாருங்கள். தகரக் கூரையில் விழும் தூறல்கூட உறுமியின் இழுப்பை மூடிவிடும்.