சுவரொட்டியில் தமிழ் எழுத்துகள் ஏன் சிதைகின்றன?

சிங்கப்பூரில் வரைகலை பயிலும் தாங்கள், நான்கு மொழிச் சுவரொட்டியில் ‘கொண்டாட்டம்’ என்ற சொல் சிதைந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், அச்சொல்லின் ‘கொ’வுக்கு ககரம் முதலிலும் ஒகரக் குறி அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன. அக்குறியைப் பிரித்து, கொம்பை (ெ) இடப்புறமும் துணைக்காலை (ா) வலப்புறமும் அமர்த்துவது மென்பொருளின் வேலை என்பதால், இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், இத்தகைய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பு தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் கொம்பு இடம் மாறிவிடலாம்.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். மென்பொருள் இயல்பாகத் தரும், எழுத்தளவில் 120 விழுக்காடு இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதும்; மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வளைவும் நீளும் தமிழுக்கு நான் 140இல் தொடங்குவேன். ‘வெல்கம்’ அடங்கும் அகலத்தில் ‘வரவேற்கிறோம்’ என்பதை நெருக்கித் திணிப்பது (இங்கே அடிக்கடி கண்ணில் படும் பிழை இதுதான்) எழுத்துருவின் குற்றமன்று, தமிழுக்கென இடம் ஒதுக்காமல் வரைந்த தளக்கோலத்தின் குற்றம்.