பனிப்பரப்பு மாறாதபோதும் ஆற்று நீர் ஏன் குறைகிறது?
மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படங்களைக் கொண்டு நீங்கள் வரைந்த வரைபடத்தில் இரு ஆண்டுகளின் பனிப்பரப்பு ஒத்திருந்தும் சிலியின் மைப்போ ஆற்றில் கோடைக்கால நீர்வரத்து வேறுபடுவதற்கு, அப்படங்கள் பனி மூடிய பரப்பை மட்டுமே காட்டுவதே பெரும்பாலும் காரணம். ஒரு மீட்டர் ஆழப் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் நீரே கிடைக்கும்; அதே ஆழத்தில் வசந்தகாலத்தில் இறுகிக் கிடக்கும் பனி 400 மில்லிமீட்டர் வரை தரக்கூடும்.

ஆகவே, பனிச்சேமிப்பு உச்சத்தை நெருங்கும் செப்டம்பரில், நாட்டின் நீர்த்துறை நிலையங்கள் அளந்த பனியின் நீர்ச்சமானத்தை (பனி முழுதும் உருகினால் கிடைக்கும் நீரின் ஆழத்தை) இரு ஆண்டுகளுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஆற்றின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துப்போனால் உங்கள் வரைபடத்தில் பெரும்பாலும் பிழையில்லை.

ஆனால் அந்த எண்களை மலையுச்சி வரை அப்படியே நீட்ட வேண்டாம். நிலையங்கள் மிகச் சிலவே. காற்றும் பனியை மேடுகளிலிருந்து பள்ளங்களுக்கு வாரிச் செல்கிறது. சிலியின் வறண்ட வடபகுதியிலுள்ள ஆந்தீஸ் மலைகளில் கணிசமான பனி உருகாமலே நேரடியாக ஆவியாகிவிடுவதால், அங்கு இந்த ஒப்பீடு இன்னும் தளர்ந்ததாகவே இருக்கும்.