வாசகர் கேள்வி–பதில்: குவாட்காப்டரும் எடைக் கணக்கும்

கேள்வி: 450 மி.மீ. சட்டகத்தில் 10 அங்குல விசிறிகளையும் 920 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 920 சுற்றுகள்) மோட்டார்களையும் பொருத்தி, நான்கு விசிறி டிரோனான குவாட்காப்டர் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். 2200 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 1 கிலோ. 8 நிமிடம் பறந்தது. 5000 எம்.ஏ.எச். பேட்டரியை மாட்டினால் 18 நிமிடம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். 14 நிமிடம்கூட வரவில்லை. பேட்டரி தரமற்றதா?

பதில்: பேட்டரியின் மேல் குற்றமில்லை. அந்தரத்தில் நிற்கும் டிரோன், காற்றைக் கீழ்நோக்கித் தள்ளித்தான் தன் எடையைத் தாங்குகிறது. எடை கூடினால் தள்ளும் விசையோடு காற்றின் வேகமும் கூட வேண்டியிருப்பதால், மோட்டார்களுக்குத் தேவையான திறன் எடையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. பழைய பேட்டரி ஏறத்தாழ 180 கிராம், புதியது 380 கிராம் என்று கொண்டால், மொத்த எடை 1 கிலோவிலிருந்து 1.2 கிலோவாகிறது, அந்த 20 விழுக்காடு எடைக்குத் திறன் 31 விழுக்காடு அதிகம் செலவாகிறது. கொள்ளளவு 2.27 மடங்கு கூடியிருந்தாலும், அதை 1.31 ஆல் வகுத்தால் கிடைப்பது 1.73 மடங்குதான். எட்டு நிமிடத்தை அதனால் பெருக்கிப் பாருங்கள், 13.8 வரும்.

அடுத்து நீங்கள் இன்னொரு 5000 பேட்டரியையும் சேர்த்துக் கட்டலாமா என்று யோசிப்பீர்கள் என்பதால், அதையும் சொல்லிவிடுகிறேன். எடை 1.58 கிலோவாகும், நேரம் 14 நிமிடத்திலிருந்து சுமார் 18 நிமிடத்துக்கு நகரும், அவ்வளவே. பேட்டரியின் எடை மற்ற எல்லா உறுப்புகளின் எடையைப்போல் இரு மடங்காகும்வரை பறக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும் என்று கணிதம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே மோட்டார்கள் கைவிட்டுவிடும். நான்கு மோட்டார்களும் முழு வேகத்தில் தரும் மொத்த உந்துவிசை, எடையைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையெனில் காற்றடிக்கும்போது சாய்வைத் திருத்திக்கொள்ள மிச்சம் ஏதும் இராது. ஒரு மோட்டாருக்கு 700 கிராம் என்று வைத்தால் மொத்தம் 2.8 கிலோ, 1.58 கிலோ எடைக்கு அது போதாது.

உண்மையான ஆதாயம் விசிறியின் விட்டத்தில் இருக்கிறது. 10 அங்குலத்தை 12 ஆக்கினால், அதே எடையைத் தாங்கத் தேவையான திறன், ஏட்டுக் கணக்கின்படி, ஆறில் ஒரு பங்கு குறையும். ஆயினும் 450 மி.மீ. என்பது மூலைவிட்ட அளவு; உங்கள் சட்டகத்தில் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு இடையே 318 மி.மீ. தூரமே உண்டு, 12 அங்குலம் என்பது 305 மி.மீ. என்பதால் விசிறி நுனிகள் ஏறக்குறைய உரசும். பெரிய சட்டகமும், ஒரு வோல்ட்டுக்குக் குறைவான சுற்றுகள் தரும் மோட்டார்களும் வேண்டும், 920 கே.வி. மோட்டாரில் பெரிய விசிறியை மாட்டினால் அது சூடேறிக் கெடும். ஆகவே எடையையும் விசிறியையும் முதலில் முடிவு செய்து, மோட்டாரையும் பேட்டரியையும் அதன்பின் தேர்ந்தெடுப்பதே முறை. பெரும்பாலோர் மலிவாகக் கிடைத்த மோட்டாரிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: தரையை விட்டு எழும்பியவுடன் டிரோன் தலைகீழாகக் கவிழ்கிறது. என்ன காரணம்?

பதில்: மோட்டார்களின் வரிசை எண், சுழலும் திசை, விசிறியின் வகை (வலஞ்சுழி அல்லது இடஞ்சுழி), மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் பலகையான ஃபிளைட் கன்ட்ரோலர் பொருத்தப்பட்டுள்ள திசை ஆகிய நான்கில் ஒன்று தவறியிருக்கும். முதலில் விசிறிகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றோடு மேசைமேல் சோதனை செய்வது விரல்களுக்கு ஆபத்து. கன்ட்ரோலருக்கான மென்பொருளில் மோட்டார்களை ஒவ்வொன்றாக இயக்கி, எண்ணுக்குரிய மோட்டார்தான் சுழல்கிறதா என்று பாருங்கள். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ளவை ஒரே திசையிலும், பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை எதிர்த்திசையிலும் சுழல வேண்டும். திசை மாறியிருந்தால் அந்த மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். டிரோனைக் கையால் சாய்க்கும்போது திரையிலுள்ள படமும் அதே பக்கம் சாய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு விசிறி அமைப்பு இவ்வளவு எளிது என்றால், பெரிய ஹெலிகாப்டர்களை ஏன் அப்படிச் செய்யவில்லை?

பதில்: செய்து பார்த்தார்கள். 1907-இல் பிரான்சில் பிரெகே சகோதரர்களும் ரிஷேயும் அமைத்த நாற்சுழலி ஊர்தி ஓர் ஆளோடு தரையை விட்டு எழும்பியது. ஆனால் நான்கு மூலைகளிலும் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1922-இல் அமெரிக்க இராணுவத்துக்காகப் பொறியாளர் டி போதெசாத் அமைத்த ஊர்தி தானே எழுந்து நின்றது, ஆனால் ஓட்டுவதற்குப் பெரும்பாடாக இருந்தது. நம் டிரோன், விசிறியின் வேகத்தை நொடிக்குப் பலமுறை கூட்டியும் குறைத்துமே நிலைத்து நிற்கிறது. ஒரே வடிவ விசிறியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதன் சுழல் நிலைமம் 32 மடங்காகிவிடுவதால், பெரிய விசிறியின் வேகத்தை அவ்வளவு விரைவாக மாற்ற இயலாது. இதழ்களின் சாய்கோணத்தைத்தான் மாற்ற வேண்டும். எந்திர எளிமை அங்கே போய்விடுகிறது.

கேள்வி: பறக்கும்போது நுண்ணிய நடுக்கம் இருக்கிறது, இறங்கிய பின் மோட்டார்களைத் தொட முடியவில்லை. டிரோனை நிலைநிறுத்தும் கணக்கின் பி.ஐ.டி. எண்களை எப்படி மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எண்களைத் தொடாதீர்கள். நுனி சிதைந்த விசிறி, சமநிலையற்ற விசிறி, வளைந்த மோட்டார் தண்டு, தளர்ந்த திருகு ஆகியவை, சுழற்சியை அளக்கும் உணரியான ஜைரோவுக்குள் அதிர்வைக் கொண்டுசேர்க்கின்றன. பி.ஐ.டி.-யில் டி என்பது பிழை மாறும் வேகத்துக்கு எதிர்வினை ஆற்றும் உறுப்பு என்பதால், அந்த அதிர்வைப் பெரிதாக்கி மோட்டார்களுக்கு ஓயாத கட்டளைகளாக அனுப்புகிறது. சூடு அங்கிருந்தே வருகிறது. திருப்புளியால் தீர வேண்டியதைத் திரையில் தேடும் பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் சற்று அதிகம். விசிறிகளை மாற்றித் திருகுகளை இறுக்கிய பிறகும் சூடு இருந்தால் டி மதிப்பைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். செங்குத்தாக இறங்கும்போது மட்டும் நடுக்கம் தோன்றினால், டிரோன் தான் தள்ளிய காற்றிலேயே விழுகிறது என்று பொருள்; சரிவாக முன்னோக்கி இறக்குங்கள்.

கேள்வி: சில வாரங்கள் பறக்கவிடப் போவதில்லை. லைப்போ பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். முழு அளவான 4.2 வோல்ட்டில் கிடந்தால் செல்கள் விரைவாகத் தேய்கின்றன, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.