ஒடிசாவிலிருந்து வந்து பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞருக்குக் கையில் அடி. தமிழ் தெரியாது. இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா?

கட்டாயம் கிடைப்பார். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இந்த உதவியைத் தருகிறது. எந்த ஊர், என்ன மொழி என்று அது கேட்பதில்லை.

ஆனால் இத்தகைய இலவச வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வழக்கறிஞருக்கும் முன்னால் தேவைப்படுவது அவர் பேச்சை நேர்மையாக எடுத்துச் சொல்லும் ஓர் ஆள். வழக்கமாக அந்த இடத்தில் வந்து நிற்பவர், வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரி. யார்மீது புகாரோ, அவரே புகாரையும் எடுத்துச் சொல்கிறார்! இயந்திரத்தில் விரல்கள் நசுங்கிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தபோதும் அப்படித்தான். நான் கேட்ட எதையும் மேஸ்திரி அவரிடம் கேட்கவே இல்லை. "தூக்கக் கலக்கம் சார், தப்பு இவன் மேல்தான்" என்று தானே முடித்துவிட்டார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, காந்தி ரோடு லாட்ஜில் வேலை பார்க்கும் ஒடியா தெரிந்த பையனை வரவழைத்தேன். இயந்திரத்தின் தடுப்பு கழன்று வெகு நாளாகியும் மாட்டவில்லை என்பதும், கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவரிடம் வெற்றுத்தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கியிருந்தார்கள் என்பதும் அதன் பிறகுதான் வெளியே வந்தன.

சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் இந்தி, வங்காளம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒடியாவும் தேடினால் கிடைக்கும். அதே மேஸ்திரியிடம் வேலை செய்பவரை மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவு இல்லையென்றால், விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். "ஒப்பந்தக்காரரின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று நிர்வாகம் கைவிரிக்க முடியாது.

அவர்மீதே திருட்டுப் புகார் என்று மிரட்டினாலும் அஞ்ச வேண்டாம். விசாரணையில் போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மருத்துவச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம், வருகைப் பதிவேட்டின் படம் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து ஊருக்கு அனுப்பத்தான் அவசரப்படுவார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கும்வரை அவர் காட்பாடியில் ரயில் ஏறக் கூடாது.