வளர்கிற குழுவில் ஸ்கிரிப்ட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நகைச்சுவை நாடகம் போட்டு வருகிறோம். இப்போது வெப் சீரிஸ் வாய்ப்பு வந்திருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்து ஆள் சேர்க்கலாமா? மேடையை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: ரொம்ப சந்தோஷம், தாராளமாகப் பதிவு செய்யுங்கள். மேடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிரேஸி மோகன் 1979-ல் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். 1983-லேயே அவருடைய நாடகம் ஒன்று கே. பாலசந்தர் இயக்கத்தில் சினிமாவானது. சினிமாவில் அத்தனை பிஸியான பிறகும் குழுவின் நாடகங்கள் நிற்கவில்லை. நாடகம் எதுவானாலும் நாயகன் மாது, நாயகி ஜானகி. ரசிகருக்கு ஆள் ஏற்கெனவே பழக்கம் என்பதால் முதல் காட்சியிலேயே சிரிப்பு தொடங்கிவிடும். உங்களிடமும் அப்படி ஒரு பாத்திரம் இருந்தால், சீரிஸை அவரை வைத்தே எழுதுங்கள்.

அப்புறம், நட்பு உடைவது பெரும்பாலும் ஸ்கிரிப்டில்தான். இதை இப்போதே பேசி முடியுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாதவரை, பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். அதை கம்பெனிக்கு மாற்ற எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டிலும் பார்க்கப்படும் சீரிஸுக்கு இது போதாது.

ஒத்திகையில் நாலு பேர் சேர்ந்து மெருகேற்றிய வசனத்துக்கு யார் பெயர் போடுவது என்பதையும் அதே தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.