மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: பணவியல் கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆய்வாளரை எடைபோட அவருடைய மேற்கோள் எண்ணிக்கையையும் எச் குறியீட்டையும் பார்த்தாலே போதும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
– ஆய்வு மாணவி, கும்பகோணம்

பதில்: போதாது. எச் குறியீடு 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்தது. ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. அந்த இருபதில் ஒன்று மட்டும் பத்தாயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் குறியீடு இம்மியும் நகராது. ஒரே கட்டுரையால் ஒரு துறையின் பேச்சையே மாற்றியவர்களை இந்த அளவுகோல் சரியாகக் காட்டாது என்பதற்கு உங்கள் துறையிலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் டெய்லர் இருக்கிறார்.

1973இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, கொலம்பியாவிலும் பிரின்ஸ்டனிலும் கற்பித்துவிட்டு 1984இல் ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பியவர் அவர். கூலி ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை, அதனால்தான் பொருளாதாரம் ஓர் அதிர்ச்சியிலிருந்து மீள நாளாகிறது என்று காட்டிய அவருடைய 1980ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. ஆனால் அவரை உலகம் அறிந்தது 1993இல் வெளிவந்த இருபது பக்கக் கட்டுரையால். துறையின் முதல்வரிசை ஆய்விதழ்கள் எதிலும் அது வரவில்லை, கார்னகி-ரோச்செஸ்டர் கருத்தரங்கத் தொகுதி ஒன்றில் வந்தது. ஆய்விதழின் பெயரைப் பார்த்தே கட்டுரையை ஒதுக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே அதை விட்டுவிடுங்கள்.

மைய வங்கி வட்டியை எவ்வளவு வைக்கலாம் என்று சொல்லும் சூத்திரம் அதில் இருக்கிறது, அதுவே பின்னர் "டெய்லர் விதி" ஆனது. அதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பணவீக்க விகிதத்தோடு 2ஐக் கூட்டுங்கள். பணவீக்கம் 2 சதவீத இலக்கை எவ்வளவு தாண்டியிருக்கிறதோ அதில் பாதியையும், உற்பத்தி தன் இயல்பு அளவை எத்தனை சதவீதம் தாண்டியிருக்கிறதோ (இதுவே உற்பத்தி இடைவெளி) அதில் பாதியையும் சேருங்கள். பணவீக்கம் 4, உற்பத்தி இடைவெளி 1 என்றால் வட்டி 7.5 சதவீதம். பணவீக்கம் 5 ஆனால் வட்டி 9. பணவீக்கம் ஒரு புள்ளி ஏற, வட்டி ஒன்றரைப் புள்ளி ஏறுகிறது. விலைவாசியை விட வேகமாக வட்டி ஏறினால்தான் கடனின் உண்மையான சுமை கூடும், செலவு குறையும் என்பதே இதன் உயிர்நாடி. 1987 முதல் 1992 வரை அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நடைமுறையில் வைத்திருந்த வட்டியோடு இந்த எளிய கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போனதுதான் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது.

இதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் உடன்பட்டவர்கள் அல்லர். உற்பத்திக் கணக்குகள் பின்னர் பலமுறை திருத்தப்படுகின்றன, கொள்கை வகுத்த நாளில் கையிலிருந்த எண்களைப் போட்டால் விதி வேறு வட்டியைக் காட்டுகிறது என்று பொருளியலாளர் அதானாசியோஸ் ஆர்ஃபனிடிஸ் 2001இல் எழுதினார். எண்ணிக்கையில் அந்த மறுப்பும் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவரின் அடிக்குறிப்பும் ஒன்று. மறுபுறம், விதி பாடநூலில் ஏறிவிட்ட பிறகு "டெய்லர் விதி" என்று பெயரை மட்டும் சொல்லி மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே ஒரு கட்டுரையை மதிப்பிட, அதை எடுத்தாண்டவற்றுள் பத்தையாவது திறந்து, எந்த வாக்கியத்தில் எதற்காகப் பெயர் வருகிறது என்று படியுங்கள். தலைப்பும் பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்ளேயே கிடைக்கும்.

கேள்வி: மைய வங்கிகள் டெய்லர் விதியை அப்படியே பின்பற்றுகின்றனவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. இயந்திரம் போல் பின்பற்றக் கூடாது என்று 1993ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அவர் சொல்லியிருக்கிறார். ஒரு விதியிலிருந்து விலகினால் ஃபெடரல் ரிசர்வ் காரணம் சொல்ல வேண்டும் என்ற மசோதா 2015இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. ஆனால் 2017 முதல் அந்த வங்கி நாடாளுமன்றத்துக்கு அளிக்கும் பணவியல் கொள்கை அறிக்கையில் இத்தகைய விதிகள் பேசப்படுகின்றன. 2003 முதல் சில ஆண்டுகள் வட்டி விதி சொன்னதைவிடத் தாழ்வாக இருந்ததே வீட்டு விலை ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று டெய்லர் குற்றம் சாட்டினார். வேறொரு விலைக் குறியீட்டை எடுத்து, உற்பத்தி இடைவெளிக்குப் பாதிக்குப் பதில் முழு எடை கொடுத்தால் அந்த விலகல் பெரிதாகத் தெரியவில்லை என்று ஃபெடரல் ரிசர்வின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கி 2015இல் பதில் எழுதினார். எந்தக் குறியீடு, எவ்வளவு எடை என்ற இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.